பன்னிரண்டு ருசிக்கு ஒரே ஸ்பூன்

"ஜெலாட்டோன்னா என்னடி?"

"ஐஸ்கிரீம்தாம்மா. இத்தாலிக்காரா பண்ற மாதிரி."

"அப்ப ஐஸ்கிரீம்னே போர்டு போட வேண்டியதுதானே?"

"அம்மா, உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். அவா வந்தப்புறம் இதையெல்லாம் கேட்காதே."

நீரஜா வாயை மூடிக்கொண்டாள். நந்தனத்தில், மகள் ஹம்சினி வேலை பார்க்கும் கண்ணாடிக் கட்டடத்தின் முன்வாசலில் இருந்தது அந்தப் புதுக் கடை. கடை என்று சொன்னால் கடை; ஒரு பீரோவை மல்லாத்திப் போட்டு அதன் மேல் கண்ணாடி வைத்தாற்போல் ஒன்று. பக்கத்தில் டீசல் புகை கக்கிக்கொண்டு ஜெனரேட்டர். எதிரே மெட்ரோ வேலைக்குத் தோண்டிய பள்ளத்திலிருந்து சாக்கடை வீச்சம். நடுவே வெனிலா வாசனை. மூன்றும் சேர்ந்து முகத்தில் அடித்ததில், ஆட்டோவை விட்டு இறங்கியதுமே நீரஜாவுக்கு அடிவயிறு ஒரு தரம் புரண்டது. போன வாரம் திறப்பு விழாவுக்குக் கட்டிய பலூன்கள் காற்றிறங்கி, தோல் உரித்த மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தன.

"பொண்ணு பார்க்க வேற இடமா கிடைக்கல? நம்மாத்துக்கு வந்தா சொஜ்ஜியும் பஜ்ஜியும் பண்ணி வெச்சிருப்பேனே."

"பதிமூணு பேருக்குப் பண்ணியாச்சு. போதும். இவர் ஆபீஸ் அடுத்த பில்டிங். லஞ்ச் டயத்துல பேசி முடிச்சுடலாம்னு அவரே சொன்ன இடம். புதுசா எந்தக் கடை திறந்தாலும் போய் ருசி பார்த்து நெட்ல மார்க் போடுவாராம்."

"ஆம்பளைப் பிள்ளைக்கு நல்ல பழக்கம்தான்" என்றாள் நீரஜா. நல்லதாக எதையாவது இப்போதே சொல்லி வைப்போமென்று பட்டது.

காரணம் இருந்தது. அன்று காலை தலை வாரிக்கொண்டே ஹம்சினி சொல்லியிருந்தாள்: "முடிவு பண்ணிப் பண்ணி எனக்கு அலுத்துப் போச்சும்மா. முப்பத்திரண்டு வயசாறது. இந்தத் தடவை நீ பாரு. நீ சரின்னா சரி, வேண்டாம்னா வேண்டாம். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

கேட்டதும் நீரஜாவுக்கு யாரோ மடியில் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது. 'வேண்டாம்' என்ற வார்த்தையை ஒரு தரம் சொல்லி அதன் பலனை அனுபவித்தவள் அவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஹம்சினி தன்னோடு வேலை பார்த்த டில்லிபாபு என்ற பையனை மயிலாப்பூர் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். வந்தவன் தண்ணீர் கேட்டான். டம்ளரை வாயில் வைத்துக் குடித்தான். அவன் படியிறங்கினதும் நீரஜா அந்த டம்ளரை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய் பால்கனிக் குழாயடியில் தனியாக வைத்தாள்.

"ஏம்மா தனியா வெக்கறே?"

"மீன் திங்கற வாய்டி. நமக்கு சரிப்படாது. வேண்டாம்."

அதற்கப்புறம் மூன்று மாதம் மகள் அவளோடு பேசவில்லை. டில்லிபாபு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். அந்த டம்ளரை நினைத்தால் நீரஜாவுக்கு இப்போதெல்லாம் அவன் வாயின் மேல் வருவதில்லை, தன் இரண்டு விரலின் மேல்தான் அருவருப்பு வருகிறது. "உன் கல்யாண விஷயத்துல இனிமே என் வாயால வேண்டாம்னு வராது" என்று மகளின் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள். ஆகவே வருகிறவன் எப்பேர்ப்பட்டவனாக இருந்தாலும் சரியென்று சொல்லிவிடுவதென்று தீர்மானித்துத்தான் கிளம்பி வந்திருந்தாள்.

வந்தவன் நன்றாகத்தான் இருந்தான். சாய்நாத் என்று பெயர். உயரம், சிரித்த முகம், கழுத்தில் ஆபீஸ் அட்டை. ஆதம்பாக்கத்திலிருந்து வந்திருந்த அவன் அம்மா ஸ்ரீலக்ஷ்மி, நீரஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

"மாமி, வெயில்ல நிக்க வெச்சுட்டோமேன்னு நினைச்சுக்காதீங்கோ. சாயிக்கு எல்லாமே சிம்பிளா இருக்கணும்."

"இதுல என்ன இருக்கு மாமி. சௌகரியமா இருக்கே" என்றாள் நீரஜா, மூச்சை இழுக்காமல்.

கண்ணாடிக்குப் பின்னால் நின்ற பெண் தலையில் வலைத் தொப்பி போட்டிருந்தாள். மார்பில் அன்புக்கரசி என்று பெயர் குத்தியிருந்தது.

"வாங்கம்மா, வாங்க சார். பன்னெண்டு ஐட்டம் கீது. டேஸ்ட் பாத்துட்டு சொல்லுங்க, அவசரமில்ல."

நீரஜா குனிந்து பார்த்தாள். ஒரு தொட்டியில் குளத்துப் பாசியை வழித்துப் போட்ட பச்சை. ஒன்றில் காயத்துக்குப் போடும் மருந்தின் ஊதா. ஒன்றில் ரோடு போடுகிற தார் கன்னங்கரேலென்று பளபளத்தது.

"இது என்னம்மா கருப்பா?"

"சார்க்கோல்மா. கரி."

"கரின்னா? அடுப்புக்கரியா?"

"அத்தான்னு வெச்சுக்கயேன். அதுக்குத்தான் கிராக்கி ஜாஸ்தி."

"பல் தேய்க்கறதைப் போய்த் திங்கறாளா?"

"அம்மா!" என்றாள் ஹம்சினி பல்லைக் கடித்துக்கொண்டு.

சாய்நாத் விழுந்து விழுந்து சிரித்தான். "ஆன்ட்டி, அதான் இப்ப டிரெண்டிங். ஒரு டேஸ்ட் பாருங்கோ."

அன்புக்கரசி ரோஜா நிறத்தில் விரல் நீள ஸ்பூன் ஒன்றில் கருப்பை வழித்து நீட்டினாள். நீரஜா ஸ்பூனைப் பார்த்தாள். இதற்கு முன் இது யார் வாயில் போய் வந்ததோ! தபாலாபீஸ் கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்தும் ஒரு ஸ்டாம்பைக்கூட நாக்கால் நனைத்தவளில்லை அவள். ஈரப் பஞ்சு ஒன்று சின்னக் கிண்ணத்தில் எப்போதும் மேஜையில் இருக்கும்.

"கையில போடும்மா" என்று பெருமாள் கோயிலில் தீர்த்தம் வாங்குகிறவள் போல உள்ளங்கையைக் குழித்து நீட்டினாள்.

"கையிலயா? ஐய, உருகிப்பூடும்மா."

"பரவாயில்லை, போடு."

போட்டது வாய்க்குப் போவதற்குள் பாதி உருகி, கருப்பாக மணிக்கட்டில் இறங்கி முழங்கையை நோக்கி ஓடிற்று. மீதி நாக்கில் பட்டது. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் இரண்டு நாள் இருந்த ரசத்தில் சர்க்கரையைக் கொட்டினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. துப்ப இடமில்லை. சம்பந்தி ஆகப்போகிறவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீரஜா முழுங்கினாள்.

"எப்படி, ஆன்ட்டி?"

"புதுசா இருக்கு."

அதற்குள் சாய்நாத் தன் வேலையை ஆரம்பித்திருந்தான். முதல் ருசியை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். ஸ்பூனின் முன்பக்கத்தை நக்கினான், பின்பக்கத்தை நக்கினான். நக்கின ஸ்பூனை அப்படியே கண்ணாடிக்கு மேலே நீட்டினான்.

"இதுலயே அந்தப் பச்சையைக் கொடுங்க."

"சார், அத்த இங்க போட்டுடு. நான் வேற தர்றேன்."

"எதுக்கு? ஒரே ஸ்பூன் போதும். பிளாஸ்டிக்கை வேஸ்ட் பண்ணக்கூடாது."

"எச்சி ஸ்பூன டப்பாவுல வுடக்கூடாது சார். ஓனர் கண்டா என் சீட்டக் கிழிச்சுடுவாரு."

"என் எச்சில்தானே? எனக்கு ஒரு நோயும் கிடையாது."

"உனுக்கு இல்ல சார். உன் பின்னால நிக்கிறவனுக்குக் கொமட்டுமா இல்லியா?"

நீரஜாவுக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அன்புக்கரசி புது ஸ்பூனில் பச்சையை எடுத்து, அவன் நீட்டிய எச்சில் ஸ்பூனின் மேல் படாமல் உயரத்திலிருந்து தட்டி விட்டாள். ஊதாவுக்கும் அப்படியே. பழுப்புக்கும் அப்படியே. பன்னிரண்டுக்கும் அவன் அந்த ஒரே ஸ்பூனை நக்கி நக்கி நீட்டினான். பதினோரு புது ஸ்பூன் அந்தண்டைப் பக்கம் குப்பையில் விழுந்தது அவன் கண்ணில் படவேயில்லை. எட்டாவதுக்கு மேல் அவன் உதட்டோரத்தில் அத்தனை நிறமும் கலந்து சேறாக நின்றது.

"சாயிக்கு வேஸ்ட் பண்றது அறவே பிடிக்காது மாமி" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி பெருமையாக.

"தெரியறது மாமி."

நாலு பேரும் ஆளுக்கொரு கப் வாங்கிக்கொண்டு உயரமான மேஜையைச் சுற்றி நின்றார்கள். ஹம்சினி மாம்பழம் வாங்கினாள். சாய்நாத் காபி. நீரஜா வேண்டாம் வேண்டாமென்றும் அவன் பிடிவாதமாகக் கருப்பையே வாங்கிக் கொடுத்தான். தெரியாத கடையில் ஸ்பூனை வாயில் வைப்பதில்லை என்ற பழக்கத்தில் அவள் தலையைப் பின்னால் சாய்த்து, ஸ்பூனை உயரத் தூக்கிக் கவிழ்த்தாள். விழவில்லை. காபியா, மோரா, தூக்கி ஊற்றிக்கொள்ள? பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. ஒரு உதறு உதறினாள். மொத்தமும் மோவாயில் விழுந்து கழுத்துக்குள் இறங்கியது.

"ஐயோ மாமி! ஐஸ்கிரீமை யாராவது தூக்கிச் சாப்பிடுவாளா?"

"பழக்கம் மாமி."

ஹம்சினி கைக்குட்டையால் துடைத்துவிட்டாள். மகள் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. அவளுக்கு இவனைப் பிடிக்கிறதோ என்று நீரஜா ஓரக்கண்ணால் பார்த்தாள். இரண்டு பேரும் சகஜமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் ஏதோ சொல்ல இவள் தலையை ஆட்ட, வேலை, வெளியூர், எந்த ஏரியாவில் வீடு என்று பேச்சு வழுக்கிக்கொண்டு போயிற்று. சரி, சொல்லிவிட வேண்டியதுதான் என்று நீரஜா நினைத்த அந்த நிமிஷம்தான் அது நடந்தது.

பேச்சை நிறுத்தாமலே சாய்நாத் தன் ஸ்பூனை, காபிக் கப்பிலிருந்து வாய்க்குப் போய் நக்கித் திரும்பின ஸ்பூனை, கேட்காமல் கொள்ளாமல் ஹம்சினியின் கப்பில் நடுவாகக் குத்தினான். ஒரு வாய் எடுத்தான். மஞ்சளில் பழுப்பாக ஒரு குழி விழுந்தது. குழியின் ஓரத்தில் எச்சில் நூலாக இழுத்து அறுந்தது. திரும்பவும் குத்தினான்.

"மாங்கோ சுமார்தான். ஆறு மார்க்."

ஹம்சினி தன் கப்பைப் பார்த்தாள். அவள் ஸ்பூன் மட்டும் அந்தரத்தில் நின்றது.

"பார்த்தேளா மாமி, இப்பவே பங்கு போட்டுக்கறதை!" ஸ்ரீலக்ஷ்மிக்கு வாயெல்லாம் பல். "சாப்பிடு ஹம்சினி, வெக்கப்படாதே. நாளைக்கு அவன் சாப்பிட்ட இலையிலதானே உக்காரப் போறே!"

நீரஜாவுக்குத் தன் கல்யாண இலை ஞாபகம் வந்தது. அன்று கணவர் கஸ்தூரிரங்கன் சாப்பிட்டு எழுந்த இலையில் அவளை உட்கார வைத்தார்கள். பிசைந்து ஒதுக்கின தயிர்சாதத்தில் அவர் நாலு விரலும் பள்ளம் பள்ளமாகப் பதிந்திருந்தது. கடித்த ஜாங்கிரியில் பல் தடம். மென்று துப்பின முருங்கைச் சக்கை ஓரத்தில் குவிந்திருந்தது, ஈ மொய்த்துக்கொண்டு. அதற்குப் பக்கத்தில் அவளுக்குச் சாதம் போட்டார்கள். "வாயை மூடிண்டு முழுங்கு, எல்லாரும் பார்க்கறா" என்று அம்மா காதோடு சொன்னாள். முழுங்கினாள். முப்பத்தைந்து வருஷமாக நாள் கிழமையென்றால் அதே இலைதான். அவள் குடித்து வைத்த காபியில் அவர் ஒரு மடக்கு, ஒரே ஒரு மடக்கு, குடித்தாரா? நினைத்து நினைத்துப் பார்த்தாள். ஒரு தரம்கூட இல்லை.

ஆனால் இதை நம்பலாமா? இந்த அருவருப்பை நம்பித்தானே அன்றைக்கு டம்ளரைத் தூக்கித் தனியே வைத்தாள்? மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நல்ல பையனை வாசலோடு அனுப்பினாள்? இதுவும் அந்த மாதிரிக் கிழட்டு ஆசாரம்தானோ என்னவோ. இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒரே கப்பில் தின்னட்டுமே, உனக்கென்ன? கொடுப்பதும் வாங்குவதுமாக இருந்தால் அதுவும் ஒரு அன்பு என்றே இருக்கட்டும்.

அதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும் என்று தோன்றியது.

"ஹம்சி" என்றாள்.

"என்னம்மா?"

"அவர் கப்புலேர்ந்து நீயும் ஒரு வாய் எடுத்துப் பாரேன். காபி நன்னாருக்கான்னு."

ஹம்சினி அவளை வெறித்துப் பார்த்தாள். தண்ணீர்ப் பாட்டிலைக்கூட உதட்டில் வைக்க விடாத அம்மா! "என் ஸ்பூனாலயா?"

"உன் ஸ்பூனாலதான். வேற ஸ்பூன் எதுக்கு? வேஸ்ட் பண்ணக்கூடாது."

ஹம்சினி ஒரு நிமிஷம் தயங்கினாள். அப்புறம் தன் ஸ்பூனிலிருந்த மாம்பழத்தை வாயில் போட்டு நிதானமாகச் சப்பிவிட்டு, கையை நீட்டிக் காபிக் கப்பில் ஸ்பூனை இறக்கினாள்.

சாய்நாத்தின் பேச்சு பாதியில் நின்றது. சிரிப்பு போகவில்லை, அதற்குக் கீழே முகம் மட்டும் சுருங்கியது, காலில் எதையோ மிதித்துவிட்டவன் போல. ஹம்சினி ஒரு வாய் எடுத்துக்கொள்ளும் வரை பொறுத்திருந்தான். பிறகு கப்பை ஒரு விரலால் மேஜை ஓரத்துக்குத் தள்ளினான். டிஷ்யூ எடுத்து அந்த விரலைத் துடைத்துக்கொண்டான்.

"என்னாச்சு? பிடிக்கலையா?" என்றாள் நீரஜா.

"இல்லை ஆன்ட்டி. நான் கொஞ்சம் ஹைஜீன் பார்ப்பேன். நீங்க வெச்சுக்கோங்கோ ஹம்சினி, நான் வேற வாங்கிக்கறேன்." கண்ணாடிப் பக்கம் திரும்பிக் கையைச் சொடுக்கினான். "ஹலோ, இன்னொரு காபி. புது கப், புது ஸ்பூன்."

அன்புக்கரசி அங்கிருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "இன்னா சார், இப்போ பிளாஸ்டிக்கு வேஸ்ட் ஆவாதா?"

"நீ உன் வேலையைப் பாரும்மா."

"அத்தான் சார் பாத்துக்கினு கீறேன்."

ஸ்ரீலக்ஷ்மி இதையும் சிரித்துக்கொண்டே சமாளித்தாள். "தப்பா எடுத்துக்காதீங்கோ மாமி. குழந்தையிலேர்ந்தே அவனுக்கு மத்தவா எச்சில் ஆகாது. என் கையால ஊட்டினாக்கூட ஓடிப்போய்க் கொப்பளிச்சுட்டு வருவான்."

"அப்ப என் பொண்ணுக்கு மட்டும் ஆகுமா மாமி?"

"அது எப்படி ஒண்ணாகும்? ஆம்படையான் எச்சில்னா அது பிரசாதம்னா!"

"பிரசாதத்தைக் கேட்டு வாங்கிப்பா மாமி. வாய்க்குள்ள திணிக்க மாட்டா."

"ஆன்ட்டி, ஒரு ஸ்பூனைப் போய்ப் பெரிசு பண்றீங்களே" என்றான் சாய்நாத். புதுக் கப் வந்துவிட்டது. அதை அவன் இந்தப் பக்கம் இல்லாமல் அந்தப் பக்கம் தள்ளி, கையால் அணை கட்டினாற்போல் வைத்துக்கொண்டு தின்ன ஆரம்பித்திருந்தான். உதட்டோரச் சேறு இன்னும் அப்படியே இருந்தது.

நீரஜாவுக்கு உடம்பெல்லாம் புழு ஊர்ந்தது. ஸ்ரீலக்ஷ்மியின் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டாள்.

"பெரிசுதான். எங்களுக்கு இது சரிப்படாது. வேண்டாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோமென்று உறைத்தது. மகளைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"போன்ல சொல்லி அனுப்பற வழக்கம்கூடவா இல்லை உங்காத்துல?" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. குரல் மாறிவிட்டது. "முப்பத்திரண்டு வயசுப் பொண்ணை வெச்சுண்டு இத்தனை ராங்கி ஆகாது மாமி. வாடா சாயி."

சாய்நாத் கப்பை எடுத்துக்கொண்டான். "ஆல் தி பெஸ்ட், ஹம்சினி" என்றான் வாயில் காபியோடு. அந்த அவசரத்திலும் இன்னொரு ஸ்பூன் போட்டுக்கொண்டுதான் நடந்தான்.

அம்மாவும் மகளும் நின்றார்கள். மேஜையில் மாம்பழமும் காபியுமாக அந்த இரண்டு எச்சில் கப் ஒன்றில் ஒன்று சாய்ந்து வழிந்துகொண்டிருந்தது. ஈ வந்து உட்கார்ந்தது.

"சத்தியம் பண்ணியிருந்தே" என்றாள் ஹம்சினி.

"பண்ணியிருந்தேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கலாம். வாய் முந்திண்டுடுத்து. கோபமாடி?"

"அவரை எனக்குக் கொஞ்சம் பிடிச்சிருந்ததும்மா. நன்னாத்தான் பேசினார்."

"எதுவரைக்கும்?"

"என் கப்புல ஸ்பூனை விட்டாரே, அதைக்கூட சகிச்சுண்டுட்டேன். பழகிடும்னு நினைச்சேன். நீ சொல்லாட்டா சரின்னு இருந்திருப்பேன். அதை நினைச்சாத்தான்…" முடிக்காமல் தோளை உதறினாள், மேலே பல்லி விழுந்தவள் மாதிரி.

பழகிடும். நீரஜா அந்த வார்த்தையைக் கேட்டாள். அடிவயிறு மறுபடியும் புரண்டது. இந்தத் தடவை நிற்கவில்லை. ஜெனரேட்டர் பக்கமிருந்து புகை ஒரு அலையாக வந்து மேலே கவிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு தகர அடைப்பு வரை ஓடினாள். குனிவதற்குள் எல்லாம் கருப்பாகக் கொட்டியது.

நெற்றியில் ஒரு கை வந்து அழுத்திப் பிடித்தது. இன்னொரு கை அவள் தலைமயிரை ஒதுக்கியது. இரண்டாவது தரம் வந்தபோது ஹம்சினியின் மணிக்கட்டு, ஆபீஸ் சட்டைக் கை, எல்லாம் நனைந்தது.

"தள்ளிக்கோடி. உன் மேலெல்லாம் படறது."

"படட்டும். முழுக்க எடுத்துடு."

"நாத்தமடி."

"நாத்தம்தான். பேசாதே, குனி."

அன்புக்கரசி ஓடி வந்து ஒரு பாட்டில் தண்ணீரை நீட்டினாள். "வயசான காலத்துல இந்தக் கர்மத்த எதுக்கும்மா துண்றே? நாங்களே துண்றதில்ல."

நீரஜா கொப்பளித்துத் துப்பினாள். கருப்பு போகவில்லை, நாக்கில், பல்லிடுக்கில் எல்லாம் நின்றது. ஹம்சினி தன் கையை மெதுவாகக் கழுவிக்கொண்டாள். லஞ்ச் டயம் முடிந்து ஜனங்கள் கண்ணாடிக் கதவுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள்.

"இனிமே பார்க்க வரவாளை நான் பார்த்துக்கறேன்" என்றாள் ஹம்சினி. "சரியும் நான் சொல்லிக்கறேன், வேண்டாமும் நானே சொல்லிக்கறேன். உன்கிட்ட விட்டது என் தப்பு."

அது கோபமா, விட்டுக்கொடுப்பா என்று நீரஜாவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

"சரி" என்றாள். இன்னொரு வாய் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். அது உள்ளே போகாமல் அப்படியே திரும்பி வந்தது.